நோய்ப்பெயர் வசைப்பெயராகலாமா?

ஒருவன் கூறிய கருத்தை மறுப்பது வேறு. கூறியவனையே மனிதக் கணக்கிலிருந்து தள்ளிவிடுவது வேறு. முன்னையது வாதம், பின்னையது வசை. வசையிலும் பலவகை உண்டு. குலத்தை இழித்தல், உறுப்புக் குறையைச் சுட்டுதல், வறுமையை எள்ளுதல் ஆகிய இழிவழக்குகளுக்குக் கற்றோர் அவை இன்று ஓரளவேனும் நாணுகின்றது. ஆனால், ஒரு வசை மட்டும் நாணமின்றி உலவுகின்றது. அது நோயின் பெயரால் வைவது. ‘விசரன்’, ‘பைத்தியக்காரன்’, ‘மனநோயாளி’ என்னும் சொற்கள் அரசியல் மேடைகளிலும் தேநீர்க்கடை வாங்குகளிலும் மலிந்து கிடக்கின்றன. கற்றவர் எனப்படுவோர் இன்னும் ஒருபடி மேலே சென்று, மருத்துவ நூல்களிலுள்ள நோய்ப்பெயர்களைப் பொறுக்கியெடுத்து எதிர்க்கட்சியாரின் நெற்றியில் ஒட்டுகின்றனர். இவ்வழக்கு அறமாகுமா என்பதே இன்று நாம் ஆராயவேண்டிய பொருள்.

நம் நாட்டில் நிகழ்ந்த ஒன்றையே எடுத்துக்கொள்வோம். 2018ஆம் ஆண்டு ஒக்ரோபர் 26ஆம் நாள், அன்றைய சனாதிபதி மைத்திரிபால சிறிசேன பிரதமரைப் பதவி நீக்கி வேறொருவரை நியமித்தார். நவம்பர் 9ஆம் நாள் பாராளுமன்றத்தையும் கலைத்தார். நாடு இருகூறாகி நின்று வாதிட்டது. அவ்வாதத்தின் வெப்பத்திலே, டிசம்பர் மாதத்தில், சனாதிபதியின் மனநிலையைப் பரிசோதிக்க நடவடிக்கை எடுக்குமாறு பொலிசுமா அதிபருக்குக் கட்டளையிட வேண்டுமென்று மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் ஒரு மனு தாக்கலாயிற்று. 1873இல் ஆங்கிலேயர் ஆட்சியிற் பிறந்த பித்தர் கட்டளைச் சட்டத்தின் வழிவந்த மனநோய்க் கட்டளைச் சட்டமே அதற்கு ஆதாரமாகக் காட்டப்பட்டது. நீதிமன்றம் அம்மனுவை ஏற்காது தள்ளுபடி செய்தது.

அதே டிசம்பர் 13ஆம் நாள் உயர் நீதிமன்றம் கூறிய தீர்ப்பை இதனோடு ஒப்புநோக்குக. நீதியரசர் எழுவர் கூடிய ஆயம், பாராளுமன்றத்தைக் கலைத்த செயல் அரசியலமைப்புக்கு முரணானது என ஒருமித்துத் தீர்த்தது. நாலரை ஆண்டு நிறைவுறுமுன், மூன்றில் இரண்டு பங்கினரின் தீர்மானமின்றிப் பாராளுமன்றத்தைக் கலைத்தல் ஆகாது என்பது அன்றிருந்த சட்டம். கலைத்தவர் எத்தகைய மனநிலையில் இருந்தார் என்பதை நீதியரசர் ஆராயவில்லை. கலைத்தமை சட்டத்துக்கு இயைந்ததா என்பதையே ஆராய்ந்தனர். செயலை அளந்தமையால் முறைகேடு திருந்திற்று. மனத்தை அளக்க முயன்ற மனுவினால் விளைந்த பயன் யாதொன்றுமில்லை. அரசியல் வாதம் செய்வோர் அனைவருக்கும் போதிய பாடம் இவ்விரு வழக்குகளில் அடங்கியுள்ளது.

நோய்ப்பெயரை வசையாக்குவதில் மூன்று தீங்குகள் உள. முதலாவது நீதிக்கு நேரும் தீங்கு. கொடுமை செய்தவனைப் பித்தன் என்று கூறுவோர், தாம் அவனைக் கடுமையாகக் கண்டித்துவிட்டதாக எண்ணுகின்றனர். உண்மையில் அவர்கள் அவனை விடுதலை செய்கின்றனர். சித்தம் கலங்கிய நிலையில், தான் செய்வது இன்னதென அறியமாட்டாது ஒருவன் செய்தது குற்றமாகாது என்பது நம் நாட்டுத் தண்டனைச் சட்டக்கோவையின் 77ஆம் பிரிவு. அறிவு தெளியும்வரை பித்துற்றவன்மீது வினைக்கணக்கு எழுதப்படுவதில்லை என்பது இஸ்லாமிய நெறி. ஆகவே, பித்து என்பது பழியன்று. பொறுப்பினின்றும் நீங்கிய நிலை. ஊரை எரித்தவனும், பொதுப்பணத்தைச் சூறையாடியவனும், இனத்தோடு இனத்தை மோதவிட்டவனும் பெரும்பாலும் தெளிந்த அறிவோடு, நாளும் வேளையும் பார்த்து, கணக்கிட்டே அவற்றைச் செய்தனர். அவர்களைப் பித்தர் என்பது அவர்களுக்கு நாம் அளிக்கும் மன்னிப்புப் பத்திரமாகும்.

இரண்டாவது வாதத்துக்கு நேரும் தீங்கு. மணிமேகலையின் பிற்பகுதியைப் பயின்றோர் பக்கப்போலி, ஏதுப்போலி, திட்டாந்தப்போலி எனச் சாத்தனார் வகுத்துக் காட்டும் வழுக்களை அறிவர். போலியான ஏதுவிலும் ஏது என்னும் உருவமேனும் உண்டு. ‘நீ விசரன்’ என்பதில் அவ்வுருவமும் இல்லை. அது வாதத்தின் வழுவன்று; வாதத்தையே கைவிட்டு எழுந்து போதல்.

நம் கரையோரத்தையே சான்றாகக் கூறலாம். 2019ஆம் ஆண்டு யூன் மாதத்தில் கல்முனை வடக்கு உப பிரதேச செயலகத்தைத் தரமுயர்த்தக் கோரி உண்ணாவிரதம் நிகழ்ந்தது; மறுதரப்பாரும் திரண்டனர். 2020 பெப்ரவரியிற் சாய்ந்தமருதுக்குத் தனி நகரசபை அமைக்கும் வர்த்தமானி வெளியாகி, சில நாட்களுள் நிறுத்திவைக்கப்பட்டது. இவை எல்லை, சனத்தொகை, வருமானம், நிருவாக வசதி ஆகியவற்றைக் கணக்கிட்டுத் தீர்க்கவேண்டிய வினாக்கள். தமிழரும் முஸ்லிம்களும் ஒரே மொழியில் வாதிக்கும் பேறு பெற்றவர்கள். எனினும், இத்தகைய வேளைகளில் தேசப்படத்தை விரித்துப் பேசினோரினும் எதிர்த்தரப்பார் தலையிற் கோளாறு கண்டோரே மிகுதி. தலையிற் கோளாறு என்று கூறிவிட்டபின் எல்லைக் கோட்டைப்பற்றிப் பேச என்ன இருக்கின்றது?

இவ்வசை உண்மை கூறுவோர்மீதும் எளிதிற் பாயும் என்பதை வரலாறு காட்டும். மக்கத்துக் குறைஷியர் நபிகள் நாயகத்தின் வாதத்துக்கு விடை காணமாட்டாது, ‘மஜ்னூன்’ என்றனர். அப்பழியை மறுத்தே திருக்குர்ஆனின் 68ஆம் அத்தியாயம் தொடங்குகின்றது. முன்வந்த தூதர்களும் இவ்வாறே இகழப்பட்டனர் என்பதை 51ஆம் அத்தியாயம் நினைவூட்டுகின்றது. இதனை ஓதும் சமூகத்தார் அதே சொல்லைத் தம் எதிரிமேல் வீச நாணவேண்டாமா?

அரசின் அதிகாரம் இவ்வசையைக் கையிலெடுத்தால் விளைவு இன்னும் கொடிது. 1836இல் உருசிய நாட்டின் நிலையைக் கண்டித்து எழுதிய சாதாயெவ் என்னும் சிந்தனையாளரைப் பேரரசன் முதலாம் நிக்கலஸ் பித்தர் என அறிவித்து, மருத்துவக் கண்காணிப்பில் வைத்தான். முடியாட்சி மறைந்து சோவியத்து ஆட்சி வந்தபின்னும் அவ்வழக்கம் மறையவில்லை. 1970இல் உயிரியல் அறிஞர் சோரெஸ் மெத்வதெவ் வீட்டிலிருந்து கொண்டுசெல்லப்பட்டுக் கலூகா நகர மனநோய் மருத்துவமனையில் அடைக்கப்பட்டார். ஆட்சியாளரை விமர்சித்தமையே அவருடைய நோய். உலகின் அறிஞர்கள் குரலெழுப்பியமையால், மூன்று வாரத்துக்குள் அவர் வெளிவந்தார். குரலெழுப்ப ஆளில்லாதோர் பல்லாண்டுகள் உள்ளேயே கிடந்தனர். மேடையில் விளையாட்டாகச் சொல்லப்படும் சொல், ஆட்சியின் கையிற் பூட்டாக மாறும் என்பதை மறத்தலாகாது.

மருத்துவரே அச்சொல்லைக் கூறினால் ஏற்கலாமோ எனச் சிலர் வினவுவர். அதற்கும் வரலாறு விடை கூறும். 1964இல் அமெரிக்க சனாதிபதித் தேர்தலில் பரி கோல்ட்வாட்டர் போட்டியிட்டபோது, ‘ஃபக்ட்’ என்னும் சஞ்சிகை 12,356 உளமருத்துவர்களுக்கு வினாக்கொத்து அனுப்பி, அவர் அப்பதவிக்கு மனத்தளவில் தகுதியுடையவரா என வினவிற்று. 2,417 பேர் விடையளித்தனர். அவருள் 1,189 பேர் தகுதியற்றவர் என்றனர். தம்மிடம் வந்து நோய் சொல்லாத ஒருவருக்கு அத்தனை பேர் தீர்ப்புரைத்தனர். கோல்ட்வாட்டர் வழக்குத் தொடுத்தார். 1968இல் அவர் பக்கம் தீர்ப்பாகி, 75,000 டொலர் தண்டமாக விதிக்கப்பட்டது. 1973இல் அமெரிக்க உளமருத்துவச் சங்கம், தாம் நேரிற் பரிசோதியாத, இசைவும் பெறாத பொதுவாழ்வினர்க்கு நோய் கூறுதல் அறமன்று என விதி வகுத்தது. பரிசோதித்த மருத்துவரோ நோயாளியின் மறையைக் காக்கக் கடமைப்பட்டவர். எனவே, காணாதவர் கூறலாகாது, கண்டவர் வெளியிடலாகாது. திருவள்ளுவர் ‘மருந்து’ அதிகாரத்தில் நோயாளியையும் நோயையும் காலத்தையும் ஆராய்ந்தே மருத்துவன் தொழில் செய்யவேண்டும் என்கின்றார். கற்ற மருத்துவனுக்கே இத்தனை கட்டுப்பாடு உளதாயின், மேடைப் பேச்சாளனுக்கு அவ்வுரிமை எங்கிருந்து வந்தது?

மூன்றாவது தீங்கே எல்லாவற்றினும் பெரிது. அது நோயாளிக்கு நேர்வது. அரசியல்வாதி வசையைப் பெற்றுக்கொண்டு, மறுநாள் வேறொரு வசையைத் திருப்பிக் கொடுத்துவிடுவான். திருப்பிக் கொடுக்க இயலாதவர் ஒருவர் உளர். வீட்டு உள்ளறையில் இருந்து அவ்வசையைக் கேட்கும் உண்மையான நோயாளியே அவர்.

மருதமுனை முதல் அக்கரைப்பற்று வரையுள்ள நம் கரை, துன்பத்தை நூலிற் கற்ற கரையன்று. மூன்று தசாப்தப் போரில் இரு சமூகத்தாரும் கொலையும் இடப்பெயர்வும் கண்டனர். 2004 டிசம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலையால் இலங்கை மாவட்டங்களுள் மிகுதியான உயிர்களை இழந்தது அம்பாறையே. 10,000க்கு மேற்பட்டோர் மாண்டனர். குழந்தையின் கையைப் பற்றியிருந்து, அலையில் நழுவவிட்ட தாயர் இங்கு இன்றும் வாழ்கின்றனர். உறக்கமின்மையும் அச்சமும் துயரும் நோயாக முற்றியோர் பலர். அப்பேரழிவின் பின்னர் 2005இல் வகுக்கப்பட்ட தேசிய மனநலக் கொள்கை, கொழும்பை அண்டியே இருந்த சிகிச்சையை மாவட்டந்தோறும் கொண்டுசெல்ல வழிசெய்தது. சிகிச்சை அருகில் வந்துவிட்டது. ஆனால், அதன் வாயிலில் நம் நாவே தடையாக நிற்கின்றது. ‘விசர்’ என்பது ஊர் முழுதும் கைகொட்டி நகைக்கும் வசையாயிருக்கும்வரை, எந்தத் தகப்பன் தன் மகளைப் பகலில் அந்த வாயிலுக்கு அழைத்துச் செல்வான்? மணப்பேச்சு முறியும் என அஞ்சி மறைப்பான். மறைத்த நோய் முற்றும்.

‘அங்கொடைக்கு அனுப்பு’ என்பது நம் நாட்டின் வழக்கமான ஏளனம். அம்மருத்துவமனை 2008இல் தேசிய மனநல நிறுவகம் எனப் பெயர் மாற்றம் பெற்றது. ஏளனம் மட்டும் பெயர் மாறாது நிற்கின்றது. தமிழகத்திற் கீழ்ப்பாக்கம் என்னும் ஊர்ப்பெயர் பட்டபாடும் இதுவே. நோய்க்கு நாணும் சமூகம் நோயாளியை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு, நம்மவர் பலரும் நேர்ச்சைக்குச் சென்றுவரும் ஏர்வாடி சான்று. அங்கு 2001 ஆகஸ்ட் 6ஆம் நாள் ஓலைக்கொட்டகை ஒன்று தீப்பற்றியபோது, சங்கிலியாற் பிணிக்கப்பட்டிருந்த மனநோயாளர் 28 பேர் ஓடமாட்டாது மாண்டனர். அவர்களைப் பிணித்தது இரும்பு. அந்த இரும்பை அடித்துக் கொடுத்த உலைகளுள் ஒன்று, நாம் எண்ணாது பேசும் சொல்.

நம் மொழி இச்சிறுமைக்கு உரியதன்று. புகார் நகரின் வீதியில் அழுதும் விழுந்தும் அரற்றியும் திரிந்த ஒருவனை மணிமேகலை ‘மையலுற்ற மகன்’ என்றே குறிக்கின்றது. அவன் துன்பங்கண்டு வருந்தி நின்றோரையும் காட்டுகின்றது. சுந்தரர் இறைவனையே பித்தன் என அழைத்துத் தம் பாடலைத் தொடங்கினார். குணங்குடி சுல்தான் அப்துல் காதிரை உலகம் மஸ்தான் என அழைத்தது. அப்பெயரே அவருக்குப் புகழ்ப்பெயராய் நிலைத்தது. பித்து என்னும் சொல்லில் இரக்கமும் அன்பும் வியப்பும் ஏற்றிவைத்த முன்னோர் மொழியில், நாம் ஏளனத்தை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

அவ்வாறாயின், ஆள்வோரின் மனநலத்தைப்பற்றிக் குடிமக்கள் வினவவே கூடாதோ எனின், கூடும். பெரும்பதவியில் உள்ளோர் கடமையாற்ற இயலாதவராயின் நாடு இடர்ப்படும். அதற்கென நம் அரசியலமைப்பின் 38ஆம் உறுப்புரை வழி வகுத்துள்ளது. சனாதிபதி மனத்தாலோ உடலாலோ நிரந்தரமாக இயலாதவரானார் எனக் கருதினால், பாராளுமன்ற உறுப்பினர் சபாநாயகருக்கு எழுத்தில் அறிவித்துப் பிரேரணை கொணரலாம். மூன்றில் இரண்டு பங்கினர் இசைந்தால் உயர் நீதிமன்றம் விசாரிக்கும். விசாரணையின் பின் மீண்டும் மூன்றில் இரண்டு பங்கினர் இசையவேண்டும். மனமும் உடலும் அங்கு ஒரே வரிசையில் வைக்கப்பட்டுள்ளமை கருதத்தக்கது. சான்றும் விசாரணையும் மறுமொழி கூறும் வாய்ப்பும் அங்கு உண்டு, கைதட்டல் இல்லை. வினா அறத்தோடு எழுகின்றதா, பகையோடு எழுகின்றதா என்பதை இவ்வேறுபாடே காட்டும்.

இதில் ஆசிரியருக்கும் மாணவருக்கும் பத்திரிகையாளருக்கும் தனிக்கடமை உண்டு. பாடசாலை விவாத மன்றங்களில், எதிரணியாரின் அறிவுநிலையைச் சுட்டிப் பேசுவோருக்குப் புள்ளி குறைக்கப்படும் என்னும் விதி நடுவரால் முதலிலேயே அறிவிக்கப்படட்டும். பத்திரிகைகள் அரசியலார் வாயில் வரும் நோய்ப்பெயரைத் தலைப்பில் ஏற்றாதிருக்கட்டும். இலக்கியக் கூட்டங்களில் ஒருவர் இச்சொல்லை வீசினால், தலைவர் நிறுத்தி, ‘அவர் சொன்னதில் எது பிழை?’ என ஒரு வினா வினவட்டும். விடை இருந்தால் வாதம் தொடரும். இல்லையேல் அவையோர் உண்மையை உணர்ந்துகொள்வர். பொய்யைப் பொய் என்போம். களவைக் களவு என்போம். கொடுமையைக் கொடுமை என்போம். அவற்றுக்குத் தமிழிற் சொற்பஞ்சம் இல்லை. நோயின் பெயரை நோயாளிக்கும் மருத்துவருக்கும் விட்டுவிடுவோம்.