பாடை போகும் பாதை

சங்கராபரணியைப் பற்றி எழுத வருகிற எவரும் புராணத்தில்தான் தொடங்குகிறார்கள். வராக நதி என்பார்கள், காசிக்கு மேல் என்பார்கள். செஞ்சி மலைகளில் பிறந்து, வீடூரில் தொண்டியாற்றைச் சேர்த்துக்கொண்டு, புதுச்சேரிக்குள் வில்லியனூரைத் தொட்டுக் கடலுக்குப் போகிற சின்ன ஆறு. மழைக்காலத்தில் ஓடும்; மற்ற நாளெல்லாம் மணலும் முள்ளும். இதன் கிளையோரம்தான் அரிக்கமேடு. 1945இல் வீலர் அங்கே தோண்டி ரோமாபுரி வணிகத்தைக் காட்டினார். ஆக, ஆற்றின் கதையில் சாமி உண்டு, வியாபாரி உண்டு. கரையில் இருக்கிற சேரி மட்டும் இல்லை.

ஆற்றுத் தண்ணி தானா ஏரிக்குப் போகாது. கால்வாய் தூர்வாரணும், ராவெல்லாம் கரை காக்கணும், மதகு திறந்து வயலுக்கு வயல் பங்கு வைக்கணும். செய்தவன் நீர்க்கட்டி. பல ஊர்களில் அவன் தலித். எங்க தாத்தாவும் அதைத்தான் செஞ்சார். எவன் வயலுக்கு எவ்வளவு நேரம் தண்ணி என்பது அவருக்கு அத்துப்படி. அந்தத் தண்ணி பாய அவருக்கென்று ஒரு குழி நிலம் கிடையாது.

வெள்ளம் வந்தால் மட்டும் ஆறு எங்களுடையது. 2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயலில், மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை. வீடூர் அணையைத் திறந்துவிட்டார்கள். பள்ளத்திலிருக்கும் எங்க தெருவில்தான் தண்ணி முதலில் ஏறியது. எங்களைப் பள்ளத்தில் குடிவைத்தது புயலா?

செத்தாலும் இதே கதைதான். 2023இல் திருக்காஞ்சியில் புஷ்கரணி விழா. முன்னோர் கடன் தீர்க்கக் கூட்டம் கூட்டமாக முழுகினார்கள். அதே ஆற்றங்கரையில் எங்க சுடுகாட்டுக்குப் பாதை இல்லை. வயல்வழியே எங்க பிணம் போகக்கூடாதாம். மழைக்காலத்தில் இடுப்பளவுத் தண்ணியில் பாடையைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு போகிறோம். எங்க ஊரில் மட்டுமா? 2019 ஆகஸ்டில், வாணியம்பாடி அருகே, பாலாற்றுப் பாலத்திலிருந்து ஒரு தலித்தின் உடலைக் கயிறு கட்டி இறக்கியதை நாடே பார்த்தது. அங்கே வழிமறித்தது ஆறு அல்ல, நிலக்காரர்களின் வேலி.

தண்ணிக்குச் சாதி இல்லை என்று நமக்கே பாடம் சொல்கிறார்கள். இருக்கட்டும். கரைக்கு இருக்கிறது, துறைக்கு இருக்கிறது, பாடை போகும் பாதைக்கு இருக்கிறது.

ஆற்றைக் காப்போம் வாங்க என்று கூப்பிடுகிற நண்பர்களே, வருகிறோம். மண்வெட்டி எங்களுக்குப் புதுசில்ல. அதற்கு முன்னால் நீங்க எங்களோடு தாலுகா ஆபீசுக்கு வாங்க. கரையோரச் சேரி ஒவ்வொன்றின் சுடுகாட்டுப் பாதையையும் அரசுக் கணக்கில் பொதுவழி என்று எழுதச் சொல்லுவோம். அப்புறம் சேர்ந்து தூர்வாரலாம்.