சாட்சியில்லாக் கடல்

உலகைச் சுற்றிவர விழையாத இளம் உள்ளம் உண்டோ? கடற் பிரயாணத்தால் மனிதன் பெறும் பேறு யாதென மாணவர் சிலர் நம்மை வினவுவதுண்டு. அதற்கு விடையாக மூவர் கதையை ஈண்டுக் கூற விரும்புகின்றோம்.

1968ஆம் ஆண்டில் லண்டன் ‘சண்டே ரைம்ஸ்’ பத்திரிகை ஒரு போட்டியை அறிவித்தது. எத்துறையிலும் தங்காது, பாய்க்கப்பலில் தன்னந்தனியே உலகைச் சுற்றி மீளல் வேண்டும் என்பது நிபந்தனை. 9 பேர் புறப்பட்டனர். ஒருவரே போட்டியை நிறைவேற்றினார். அவர் றொபின் நொக்ஸ்-ஜோன்ஸ்ரன் என்னும் ஆங்கிலேயர். பம்பாயிலே தேக்குமரத்தாற் கட்டப்பெற்ற, 32 அடி நீளமுள்ள ‘சுஹைலி’ என்னும் கலத்தில் 312 நாட்கள் கடலில் வாழ்ந்து, 1969 ஏப்பிரல் 22ஆந் திகதி கரையேறினார்.

பிரெஞ்சுக்காரரான பேர்னாட் முவாத்தேசியே, கொடிய ஹோர்ண் முனையையும் கடந்தவர். விரைவுக்குரிய 5000 பவுண் பரிசு அவருக்கே கிட்டக்கூடுமெனப் பலர் எண்ணினர். அவரோ பரிசையும் புகழையும், ஊரிலே காத்திருந்த மனைவியாரையும் விடுத்து, கடலிலேயே தமக்கு மகிழ்ச்சி எனக் குறிப்பெழுதி, எதிர்ப்பட்ட கப்பலொன்றுக்குக் கவணால் எறிந்துவிட்டுத் தாகித்தித் தீவை நாடிச் சென்றார்.

மூன்றாமவர் டொனால்ட் குரோகேர்ஸ்ட். அவரது கலம் பழுதுற்றது. போட்டியைக் கைவிட்டாலோ வீடும் தொழிலும் பறிபோகும் நிலை. ஆதலால் அத்திலாந்திக் கடலிலேயே திரிந்துகொண்டு, உலகைச் சுற்றுவதாகப் பொய்ச் செய்தி அனுப்பினார். 1969 யூலை 10ஆந் திகதி அவரது கலம் ஆளின்றிக் கண்டெடுக்கப்பட்டது. அதிலிருந்த குறிப்பேடுகளே உண்மையை வெளியிட்டன. நொக்ஸ்-ஜோன்ஸ்ரன் தமக்குக் கிடைத்த 5000 பவுணையும் அவரது குடும்பத்தினருக்கே ஈந்தார்.

பரீட்சை மண்டபத்தில் மேற்பார்வையாளர் உளர், நடுக்கடலில் எவருமிலர். அங்கே மனிதனுக்குத் தன் நெஞ்சே சாட்சி. கடல் அம்மூவருக்கும் புதிதாக எதையும் வழங்கிற்றில்லை. அவரவர் உள்ளத்தில் இருந்ததையே வெளிக்கொணர்ந்தது.

குரோகேர்ஸ்டை இகழ நமக்கு மனம் வரவில்லை. தோல்வியை ஒப்புக்கொள்ள நாணி ஒரு பொய் கூறி, அதனைக் காக்க மற்றொன்றும் கூறாதார் நம்முள் எத்துணைப் பேர்? கரைக்குத் திரும்பி, “தோற்றேன்” என்று அவர் சொல்லியிருப்பின் வீடு போயிருக்கலாம், உயிர் எஞ்சியிருக்கும்.

இளைஞர்காள், உலகைக் காணப் புறப்படுங்கள். ஆனால், “தோற்றேன்” எனக் கூசாது சொல்லும் துணிவை வீட்டிலேயே பழகிக்கொண்டு புறப்படுங்கள்.