பூட்டிய வளவுகளும் திறந்த தோட்டமும்

நயினாதீவு நாகபூஷணி அம்மனைத் தரிசிக்கச் செல்வோர் யாழ்ப்பாண நகரிலிருந்து பண்ணைப் பாலத்தின் வழியே கடனீரேரியைக் கடந்து குறிகட்டுவான் நோக்கிப் பயணிக்கின்றனர். அவ்வழியில் முதலில் எதிர்ப்படும் ஊர்களுள் ஒன்று அல்லைப்பிட்டி. திருவிழாக் காலத்தில் ஆயிரக்கணக்கானோர் அவ்வூரைக் கடந்து போகின்றனர். இறங்கி நிற்போர் மிகச் சிலரே. இறங்கினால் பார்ப்பதற்கு அங்கே என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. அக்கேள்விக்கு விடை தேடுமுன் தென்னிலங்கைத் தோட்டமொன்றைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

பெந்தோட்டைக்கு அருகே தெத்துவ ஏரியின் கரையில் லுனுகங்க என்றொரு தோட்டம் இருக்கிறது. சிங்களத்தில் அப்பெயருக்கு உப்பாறு என்பது பொருள். ஒல்லாந்தர் காலத்தில் கறுவாவும் ஆங்கிலேயர் காலத்தில் இறப்பரும் விளைந்த அந்நிலத்தை 1948இல் ஜெப்ரி பாவா வாங்கினார். பிற்காலத்தில் இலங்கையின் தலைசிறந்த கட்டடக் கலைஞராகப் புகழ்பெற்ற அவர், அன்று சட்டம் படித்த ஓர் இளைஞர். ஏறத்தாழ ஐம்பதாண்டுகள் அத்தோட்டத்தைச் செதுக்கிக்கொண்டே இருந்தார். வீட்டிலிருந்து ஏரி தெரிய வேண்டும் என்பதற்காக இடையில் நின்ற மேட்டைத் தாழ்த்தினார். ஈழத்தலரி மரத்தின் கிளைகளில் பாரம் தொங்கவிட்டு அவற்றைத் தாம் விரும்பியவாறு வளைத்தெடுத்தார். 2003இல் அவர் மறைந்தார். இன்று எவரும் கட்டணம் செலுத்தி, வழிகாட்டி ஒருவருடன் அத்தோட்டத்தைச் சுற்றிப் பார்க்கலாம். 2019இல் வந்த அவரது நூற்றாண்டை முன்னிட்டுப் பன்னாட்டுக் கலைஞர்கள் தம் படைப்புகளை அங்கே அமைத்தனர்.

லுனுகங்கவின் அழகைப் பற்றி எழுதுவோர் பலர். என் கவனத்தைக் கவர்ந்தது வேறொன்று. பாவாவுக்குப் பிள்ளைகள் இல்லை. வாரிசற்ற சொத்து நம் நாட்டில் என்னவாகும் என்பதை நாம் அறிவோம்: உறவினர் வழக்காடுவர், வீடு இடியும், காடு மூடும், இறுதியில் துண்டு துண்டாக விலைபோகும். லுனுகங்கவுக்கு அக்கதி நேரவில்லை. தம் காலத்துக்குப் பின் தோட்டத்தைப் பேணும் பொறுப்பை அறக்கட்டளையிடம் சேர்ப்பதற்கு அவர் வாழ்ந்த காலத்திலேயே வழி செய்திருந்தார். அதன் வாயில் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டதனால், அங்கே உழைக்கும் கைகளுக்குக் கூலியும் கிடைக்கிறது. சுருங்கச் சொன்னால், திறந்துவிட்டதனாலேயே அத்தோட்டம் பிழைத்தது.

இனித் தீவகத்துக்கு வருவோம். 1990 ஆகஸ்டில் இராணுவம் தீவுப்பகுதிகளைக் கைப்பற்றியபோது மக்கள் பெருமளவில் வெளியேறினர். திரும்பி வந்தவர்களை 2006 மீண்டும் விரட்டியது. அவ்வாண்டு மே 13ஆம் திகதி இரவு அல்லைப்பிட்டியிலும் அயலிலும் பொதுமக்கள் 13 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். ஆகஸ்டில், புனித பிலிப்பு நேரியார் ஆலயத்தில் தஞ்சமடைந்திருந்தோர் மீது எறிகணைகள் வீழ்ந்தன. அன்று ஊரைவிட்டுப் போனவர்களுள் பலர் இன்று பாரிஸிலும் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் வாழ்கின்றனர். இங்கே அவர்களது வளவுகள் பூட்டிக் கிடக்கின்றன. கூரையற்ற வீடு, தூர்ந்த கிணறு, முற்றத்தின் நடுவே வளர்ந்த நாயுண்ணிப் பற்றை: இவையே பல வளவுகளின் நிலை. உரிமையாளர் தலைமுறையில் ஊரின் நினைவு இருக்கிறது. பிள்ளைகள் தலைமுறையில் அது ஒரு பெயராக எஞ்சுகிறது. பேரப்பிள்ளைகளுக்கு உறுதிப் பத்திரத்தை வாசிக்கவும் தெரியாது. பாவாவுக்கு வாரிசு இல்லை என்றால், நமக்கு வாரிசுகள் இருந்தும் இல்லாத நிலை.

இந்த வளவுகளுட் சிலவற்றையேனும் ஆண்டின் குறிப்பிட்ட பருவங்களில் பார்வையாளருக்குத் திறந்துவிட வேண்டும் என்பதே என் கருத்து.

இது மாளிகை உடையவர்களுக்கே பொருந்தும் என்று எவரும் ஒதுக்கிவிட வேண்டாம். இங்கிலாந்தில் 1927ஆம் ஆண்டு 609 தனியார் தோட்டங்கள் தலைக்கு ஒரு சிலிங் கட்டணத்தில் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டன. சேர்ந்த பணம் வீடுவீடாகச் சென்று ஏழை நோயாளரைப் பராமரித்த மாவட்டத் தாதியருக்குப் போயிற்று. அத்திட்டம் இன்றும் நடைபெறுகிறது. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட தோட்டங்கள் அதிற் சேர்ந்துள்ளன. பிரபுக்களின் பூங்காக்களோடு, வீட்டுக்குப் பின்னால் பத்தடி நிலம் வைத்திருப்பவரின் தோட்டமும் அதில் உண்டு. பெரும்பாலான தோட்டங்கள் ஆண்டில் ஓரிரு நாட்களே திறக்கின்றன. எந்த மலர் எப்போது பூக்குமோ அந்நாளே அத்தோட்டத்தின் திருநாள். இலண்டன்வாழ் நம்மவர் பலர் இத்தோட்டங்களுக்குக் குடும்பத்தோடு போய்த் தேநீர் அருந்தித் திரும்புகின்றனர். தங்கள் ஊரிலும் அது இயலும் என்று அவர்களுக்குத் தோன்றுவதில்லை.

தீவக வளவில் பருவத்துக்குப் பருவம் காட்டுவதற்கு என்ன உண்டு? வடகீழ்ப் பருவமழை பெய்து ஓய்ந்ததும் கடனீரேரியின் ஆழங்குறைந்த கரைகளில் பூநாரை முதலான வலசைப் பறவைகள் இரைதேடும். தை மாதத்தில் பாத்தியைக் கிளறிப் பனங்கிழங்கு எடுப்பர். சித்திரைக்கு முன்னும் பின்னும் வேம்பு பூத்துச் சொரியும்; நுங்கு முற்றும். ஆடிப் பிறப்பன்று பனங்கட்டியிட்டுக் கூழ் காய்ச்சுவர். அதன்பின் பனம்பழம் விழும் காலம்; பிசைந்து, பாயில் ஊற்றிக் காயவைத்துப் பனாட்டுப் போடும் காலம். துலா மிதித்து நீர் இறைத்த முறை, பனையோலையால் வேலி அடைக்கும் முறை, கிடுகு பின்னும் முறை ஆகிய யாவும் தோட்டக்கலையே. ரொறன்ரோவில் பிறந்த பிள்ளைக்கு இவற்றுள் ஒன்றைக் கண்ணாற் காட்டுவது, ஊரைப் பற்றி நூறு முறை சொல்வதிலும் பயன் தரும்.

வரலாறும் அம்மண்ணில் புதைந்திருக்கிறது. அல்லைப்பிட்டியில் கிடைத்த சீன மட்பாண்டங்கள் 1977இல் ஜோன் கார்ஸ்வெல் என்ற ஆய்வாளரின் கவனத்துக்கு வந்தன. அவை வட சொங் வம்சக் காலத்தவை; அஃதாவது ஏறத்தாழ ஒன்பது நூற்றாண்டுகளுக்கு முந்தியவை. 2018இல் ஷங்காய் அருங்காட்சியகத்தின் தொல்லியலாளர்கள் அங்கே வந்து அகழ்வு செய்தனர். சீனத்திலிருந்து அறிஞர்கள் தேடி வந்த ஊரை, அவ்வூரின் பிள்ளைகள் பேருந்து யன்னலூடாகப் பார்த்துவிட்டுப் போவது பொருத்தமன்று.

புலம்பெயர்ந்த உரிமையாளர் எவரையேனும் கேட்டுப் பாருங்கள். அச்சமே முதலில் வெளிப்படும். “ஆளை விட்டால் காணி போய்விடும்” என்பார். அந்த அச்சம் ஆதாரமற்றதன்று. இலங்கையின் ஆட்சியுரிமைச் சட்டப்படி, உரிமையாளரின் உரிமையை மறுத்து ஒருவர் பத்தாண்டுகள் இடையறாது நிலத்தை ஆண்டால் உரிமை கோரலாம். போர்க்காலத்தில் காணியை இழந்தோருக்காக 2016இல் 5ஆம் இலக்கச் சிறப்புச் சட்டம் கொண்டுவரப்பட்டது. அதன்படி வழக்குத் தொடர்வதற்கும் காலக்கெடு இருந்தது. ஆனால் உரிமையாளரின் அனுமதியோடு இருப்பவரின் நிலை வேறு. அனுமதியை ஏற்று இருக்கும்வரை அவர் அந்த உரிமையைக் கோர இயலாது. ஆகவே நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்பட்ட தெளிவான உடன்படிக்கை காணியை இழக்கச் செய்யாது. எவர் அங்கே இருக்கிறார், எந்த அடிப்படையில் இருக்கிறார் என்பதற்குச் சான்றாகி அதனைக் காக்கும். ஆளற்றுக் கிடக்கும் வளவே அயலவரின் வேலி நகர்வுக்கு இடங்கொடுக்கிறது.

இன்னோர் எதிர்ப்பும் வரும்: விற்றுவிட்டால் விடுதி கட்டுவார்கள், ஊருக்கு வேலை கிடைக்கும் என்பது. விடுதிகளை நான் வெறுப்பவனல்லன். ஆனால் தீவகத்தின் நன்னீர் எப்படிப்பட்டது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். மழைநீர் சுண்ணாம்புக் கல்லூடாக இறங்கி, கீழுள்ள உவர்நீரின் மேல் மெல்லிய படையாக மிதக்கிறது. அளவுக்கு மீறி இறைத்தால் உவர் மேலேறும். ஒருமுறை உவர்த்த கிணறு எளிதில் மீளாது. நீச்சற் குளமும் புற்றரையும் வைத்த விடுதிக்கு நீர் வேண்டும். பனைக்கும் வேம்புக்கும் பூவரசுக்கும் அத்தனை நீர் வேண்டியதில்லை. வந்து பார்த்துவிட்டு மாலையில் திரும்பும் பார்வையாளர் கிணற்றை வற்றச் செய்யமாட்டார்.

ஒன்றை மட்டும் நிபந்தனையாகச் சொல்வேன். வளவைக் காட்டும்போது 2006ஐ மறைக்கக் கூடாது. குருதி சிந்திய மண்ணைப் பூந்தோட்டமாக மட்டும் காட்டுவது இறந்தோருக்குச் செய்யும் அவமதிப்பு. அதேவேளை, துயரத்தைக் கட்டணக் காட்சியாக்குவதும் தகாது. எதைச் சொல்வது, எவ்வளவு சொல்வது என்பதை அங்கே வாழ்பவர்களே முடிவு செய்யட்டும். வழிகாட்டிகளும் அவ்வூர் இளையோராகவே இருக்கட்டும். கட்டணத்தில் முதற்பங்கு தோட்டத்தைப் பேணுபவரின் கூலிக்கும், அடுத்த பங்கு ஊர்ப் பாடசாலைக்குமாகப் போகட்டும்.

பத்து உரிமையாளர்கள் இணங்கினால் போதும். ஒருவர் கிணற்றைத் தூர்வாரட்டும். ஒருவர் வேலியை அடைக்கட்டும். தை மாதத்தில் இரண்டு நாட்களும் ஆடியில் இரண்டு நாட்களும் படலையைத் திறக்கட்டும். அம்மனைத் தரிசித்துத் திரும்பும் பேருந்துகளுள் சில அல்லைப்பிட்டிச் சந்தியில் நிற்கத் தொடங்கும்.

தென்னை வைத்தவன் தின்றுவிட்டுச் சாவான், பனை வைத்தவன் பார்த்துவிட்டுச் சாவான் என்பது நம் முன்னோர் சொல். தாம் உண்ணப் போவதில்லை என்று அறிந்தும் அவர்கள் பனை வைத்தார்கள். அப்பனைகள் இன்னும் நிற்கின்றன. திறப்பு நம்மவர்களின் கையில் இருக்கிறது.