எதிர்க் காற்றில் திணறும் ஆகாய விமானம்!

ஆடி மாதத்தில் போளூரிலிருந்து மேற்கே, ஜவ்வாது மலையைப் பார்த்துச் சைக்கிள் மிதித்தவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும்.

போகும்போது காற்று நெஞ்சில் அறையும். கால் கடுக்கும். திரும்பும்போது காற்றே வண்டியைத் தள்ளிக்கொண்டு வரும்.

ஆகாய விமானத்துக்கும் இதே கதைதான்!

காற்று ஆறு

தரைக்கு மேல் சுமார் 10 கிலோ மீட்டர் உயரத்தில் காற்று ஓர் ஆறு போல ஓடுகிறது. இதற்கு 'ஜெட் காற்று' என்று பெயர். ஐரோப்பா, அமெரிக்கா, ஜப்பான் பக்கங்களில் இது மேற்கிலிருந்து கிழக்கே வீசுகிறது. குளிர்காலத்தில் வட இந்தியா வரை இறங்கி வருகிறது. அப்போது வேகமும் அதிகம்.

காரணம் என்ன?

பூமியின் நடுப்பகுதியில் வெப்பம். துருவங்களில் கடுங்குளிர். வெப்பக் காற்று துருவத்தை நோக்கி நகர்கிறது. பூமி சுழல்வதால் அது கிழக்கே திரும்பி விடுகிறது.

கணக்குப் பாருங்கள்

விமானத்தின் வேகம் மணிக்கு 900 கிலோ மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். காற்றின் வேகம் 150. எதிர்த்துப் போனால் 750தான் மிஞ்சும். கூடவே போனால் 1,050!

6,300 கிலோ மீட்டர் தூரத்துக்கு, மேற்கே போக 8 மணி 24 நிமிடம் ஆகும். திரும்பி வர 6 மணி நேரமே போதும்.

சுற்று வழியே லாபம்!

2016 அக்டோபரில் ஏர் இந்தியா ஒரு காரியம் செய்தது. டெல்லியிலிருந்து சான்பிரான்சிஸ்கோவுக்கு மேற்கே போய்க்கொண்டிருந்த விமானத்தைக் கிழக்கே, பசிபிக் கடல் வழியாகத் திருப்பிவிட்டது. தூரம் சுமார் 1,400 கிலோ மீட்டர் அதிகம். ஆனால் நேரம் சுமார் 2 மணி குறைந்தது!

வழி அடைபட்டது

2025 ஏப்ரல் 24ந் தேதி, பாகிஸ்தான் தன் வான்வழியை இந்திய விமானங்களுக்கு மூடியது. ஏற்கெனவே எதிர்க் காற்று. அதோடு சுற்று வழியும் சேர்ந்தது! ஏர் இந்தியாவின் அமெரிக்க விமானங்கள் சில, நடுவழியில் வியன்னாவில் இறங்கி எண்ணெய் நிரப்பிக்கொண்டன.

2025 செப்டம்பர் 1 முதல் டெல்லி–வாஷிங்டன் விமானம் நிறுத்தப்பட்டது. விமானப் பற்றாக்குறையோடு, இந்த வழி அடைப்பும் காரணம் என்று கம்பெனி கூறியது.

சுமை யார் தலையில்?

நேரம் கூடினால் எண்ணெய் கூடும். எண்ணெய்ச் சுமை ஏறினால் ஆட்களையும் சரக்கையும் குறைக்க நேரும். செலவு கடைசியில் டிக்கெட்டில்தான் வந்து விழும்.

அயல்நாட்டில் பிள்ளைகள் உள்ள பெற்றோரே! மேற்கே போகும் விமானம் கூடுதல் நேரம் எடுத்தால் கலங்க வேண்டாம். காற்றைக் கணக்கிட்டுத்தான் எண்ணெய் நிரப்புகிறார்கள். ஆனால், அந்தக் காற்றுக்கும் நாம்தான் காசு கொடுக்கிறோம்!