யானைக்கால் நோய்க்குத் தடுப்பூசி: தடை எங்கே?

நெல்லுக்கும் வெற்றிலைக்கும் பேர்பெற்ற காவிரிப் படுகையில், கும்பகோணத்தின் பெயரோடு துரதிர்ஷ்டவசமாக ஒட்டிக்கொண்டது யானைக்கால் நோய். சாக்கடை நீரில் பெருகும் க்யூலெக்ஸ் கொசு பரப்பும் நூற்புழுவின் குஞ்சுகள், பகலில் உடலின் உள்ளே ஒதுங்கியிருந்து இரவிலேயே இரத்தத்தில் உலவ வருகின்றனவாதலால், சுகாதார ஊழியர்கள் ஊர் அடங்கும் நேரத்தில் வீடு வீடாகச் சென்று, உறங்கப் போகும் ஜனங்களின் விரல் நுனியில் ஊசி குத்தி, கண்ணாடிச் சில்லில் துளி இரத்தம் எடுத்துப்போவது இப்பிரதேசத்துக்குப் பழகிய காட்சி.

1955-இல் தேசிய அளவில் தொடங்கிய கட்டுப்பாட்டுத் திட்டமும், பிற்பாடு ஆண்டுதோறும் வழங்கப்பட்ட டி.ஈ.சி. மாத்திரையும் நோயைப் பெரிதும் ஒடுக்கியது உண்மை. ஆயினும் அம்மருந்து குஞ்சுகளை அழிக்குமளவுக்கு, நிணநாளங்களில் ஐந்தாறு ஆண்டுகள் வாழும் முதிர்ந்த புழுவை அழிப்பதில்லை. இக்குறையை நிரப்பும் தடுப்பூசியை நாடி, சென்னை அண்ணா பல்கலைக்கழக உயிரித் தொழில்நுட்ப மையத்தில் பேராசிரியர் பி. காளிராஜ் குழுவினர் பல்லாண்டு உழைத்தனர். ஏ.எல்.டி.-2 முதலிய புழுப் புரதங்களின் மரபணுவை ஈ.கோலி பாக்டீரியாவில் புகுத்தி, அப்புரதங்களை உண்டாக்கி, ஜெர்பில் என்னும் எலியினப் பிராணிகளில் கணிசமான பாதுகாப்பும் கண்டனர்.

ஆய்வகக் குடுவையில் கிடைத்ததை ஆலைக் கலனில் பெறுவதே கடினம். அர்ஜினைன் என்னும் அமினோ அமிலத்துக்குப் புழுவின் மரபணு எழுதும் ஏ.ஜி.ஏ. என்ற குறியீட்டை வாசிக்கும் ஆர்.என்.ஏ. ஈ.கோலியில் அரிதாகையால், அவ்விடத்தில் புரத உற்பத்தி தட்டுத்தடுமாறுகிறது. மரபணுவையே பாக்டீரியாவுக்கு இசைவாகத் திருத்தி எழுதுவது அதற்குப் பரிகாரம். ஐ.பி.டி.ஜி. என்னும் தூண்டுபொருளைச் சேர்த்து முப்பத்தேழு டிகிரி வெப்பத்தில் விரைவுபடுத்தினாலோ, பெருந்தீயில் வெந்த சோறு குழைந்து கட்டியாவதுபோலப் புரதம் முறையாக மடியாமல் கரையாத திரளாகிவிடும்; வெப்பத்தைப் பதினெட்டு டிகிரிக்குத் தணித்து இரவு முழுதும் காத்திருப்பவர்க்கே பெரும்பாலும் அது கரைந்த நிலையில் கிட்டுகிறது. அதன்பின், பாக்டீரியாவின் மேலுறையிலிருந்து வந்து கலந்து காய்ச்சலை விளைவிக்கும் நச்சை நீக்க வேண்டும். ஒவ்வொரு சுத்திகரிப்பிலும் புரதத்தில் ஒரு பங்கு வீணாகும். இவ்வளவு நுணுக்கமான பணியைப் பட்டறை வேலையென்று கருதி, கண்டுபிடிப்புக்குத் தரும் மதிப்பை இதற்குத் தராதது நம் விஞ்ஞான நிர்வாகத்தின் பெருங்குறை என்பேன்.

இம்முயற்சி வீணென்று சொல்ல இடமில்லை. ஹெபடைடிஸ்-ஈ தடுப்பூசியை ஈ.கோலியிலேயே தயாரித்துச் சீனா 2011-இல் அங்கீகாரம் வழங்கியது. ஹைதராபாத்தின் சாந்தா பயோடெக்னிக்ஸ், ஈஸ்ட்டில் உற்பத்தி செய்த ஹெபடைடிஸ்-பி தடுப்பூசியை 1997-இல் வெளியிட்டு, தனவந்தர்க்கு மட்டுமே கிட்டிவந்ததைச் சாமானியரின் கைக்கு எட்டும் விலைக்குக் கொணர்ந்தது. நோய் குறைந்துவிட்ட இக்காலத்தில் தடுப்பூசி எதற்கு என்பார் சொல்வதில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் சாக்கடையும் கொசுவும் இருக்க, நோயுள்ள பிரதேசங்களிலிருந்து ஜனங்கள் வந்துபோய்க்கொண்டிருக்க, புழு மீண்டும் குடியேறாது என்று யார் உறுதி சொல்ல முடியும்? ஏழைகளை வாட்டும் நோய்க்கு இலாபம் நாடும் கம்பெனி முதலிடாது. அரசுதான் முதலிட வேண்டும். 2021-இல் மாநில அரசே ஏற்று நடத்தக் கேட்ட செங்கல்பட்டுத் தடுப்பூசி வளாகம் போன்ற இடத்தில், பல்கலைக்கழகங்கள் தம் புரதங்களைப் பெரிய கலன்களில் வளர்த்துச் சோதிக்க ஒரு நிரந்தரக் கூடம் அமைக்கப்படுமாயின், முதலில் அங்கே செல்ல வேண்டியது இந்த யானைக்கால் புரதங்களே.