ஓணான் நடத்தும் கிளாஸ்

காலையில பிரம்மதேசம் பக்கம் ஒரு வேலியைப் பாருங்க. ஓணான் ஜாலியா வெயில் காயும். சூடு ஏறினதும் நிழலுக்கு எஸ்கேப்! ஊர்வனவற்றுக்கு உடம்புக்குள்ள ஹீட்டர் கிடையாது பாஸ். வெயிலும் நிழலும்தான் அதோட ரிமோட்.

கண்ணாடித் தொட்டியில வளர்த்தா, ரிமோட் நம்ம கையில. ஆஸ்திரேலியாவின் 'பியர்டட் டிராகன்' பல்லிக்கு ஒரு மூலையில சுமார் 40 டிகிரி செல்சியஸ், எதிர் மூலையில 25 வேணும். பல்பை நடுவுல தொங்கவிட்டா ஒதுங்க இடமிருக்காது. ஓரமா, கம்பி வலைக்கு வெளியே மாட்டுங்க. உள்ளே மாட்டினா, ஏறித் தொட்டு தோல் வெந்துடும். வெயில் காயும் கல்கிட்ட தெர்மோஸ்டாட் சென்சார், ரெண்டு பக்கமும் தெர்மாமீட்டர் கட்டாயம்.

திண்டிவனம் மே மாசத்துல அறையே 38ஐத் தொடும். தெர்மோஸ்டாட் பல்பை அணைக்கும், குளிர வைக்காது! அன்னிக்கு தொட்டியைக் குளிர்ந்த அறைக்கு மாத்துறதுதான் வழி.

சில டிகிரிக்கா இவ்வளவு அலட்டல்? 1976-ல் ரோமுலஸ் விட்டேகர் தொடங்கிய சென்னை முதலைப் பண்ணையில சதுப்புநில முதலை முட்டைகளை ஆராய்ஞ்சாங்க. 31 டிகிரி வரை பெண் குஞ்சுகள், 32.5-ல் பெரும்பாலும் ஆண். ஒன்றரை டிகிரி, ஜாதகமே மாறிடுச்சு!

நட்சத்திர ஆமை ஆசையா? 1972 வனவிலங்குச் சட்டப்படி அது குற்றம். வெளிநாட்டு இனம்னா, பதிவு வேணுமானு வனத்துறையில கேட்டுட்டு வாங்குங்க. தினமும் தெர்மாமீட்டர் பார்க்க சோம்பலா? அப்போ வேலி ஓணானே போதும் மக்களே!