ஐம்பது டாலர் டப்பாவும் அண்ணாச்சியின் அர்ச்சனையும்

மக்களே, ரெண்டு மாசமா ஆபீஸ்ல ஆணி அதிகம். அதான் இந்தப் பக்கம் தலை காட்ட முடியல. இப்ப வந்ததுக்குக் காரணம் ஒரு கடுப்பு. இறக்கி வைக்காம விட்டா தூக்கம் வராது, அதனால பொறுத்துக்குங்க.

டெக்சாஸ்ல பொட்டி தட்டுற எனக்கு, சனிக்கிழமை ஆனா துப்பாக்கி சுடும் மைதானம்தான் கோயில். காகித இலக்கு மட்டும்தான், ஒரு அணிலைக்கூட சுட்டதில்லை. 2020, 2021-ல கொரோனா சமயத்துல இங்க தோட்டாவுக்குப் பெரிய பஞ்சம், கடை அலமாரியெல்லாம் காலி. நான் இந்த விளையாட்டுக்குள்ள வந்தப்ப பஞ்சம் போயிருந்துச்சு, விலை மட்டும் இறங்க மனசில்லாம மேலயே நின்னுச்சு. அதனால சுட்டு முடிச்ச பித்தளைக் கூட்டைப் பொறுக்கிட்டு வந்து, கராஜ்ல உக்காந்து மறுபடி நிரப்பக் கத்துக்கிட்டேன். கூடு, அடியில பொறி வைக்கிற பிரைமர், உள்ள மருந்து, மேல ஈயக் குண்டு. இந்த நாலும் சேர்ந்ததுதான் ஒரு தோட்டா.

இதுல மருந்தை அளந்து ஊத்துற சாமானுக்குப் பேரு பவுடர் மெஷர். மேல ஒரு புனல் டப்பா, கீழ குழி வெட்டின உருளை. கைப்பிடியை ஒரு பக்கம் தள்ளினா குழி நிரம்பும், மறுபக்கம் இழுத்தா மருந்து கூட்டுக்குள்ள கொட்டும். அவ்வளவுதான் தொழில்நுட்பம். என்னோடது ஐம்பது டாலர் சுமாருக்கு வாங்கின பிளாஸ்டிக் உருப்படி. இரும்புல வார்த்தது அதைப்போல ரெண்டு மூணு மடங்கு. தானே எடை போட்டுத் தர்ற மின்சார மெஷின் இன்னும் மேல.

இனி கடுப்புக்கு வருவோம்.

போன மாசம் மைதானத்துல என் .38 ஸ்பெஷல் ரிவால்வர்ல சுட்டுக்கிட்டு இருந்தேன். பத்தொன்பதாவது தோட்டா 'டமார்'னு சொல்லாம 'புஸ்'னு சொல்லுச்சு. அடுத்ததை அழுத்த விரல் போயிடுச்சு. பக்கத்துல நின்ன அண்ணாச்சி (திருநெல்வேலிக்காரர், இந்த ஊர்ல இருபது வருஷம்) "நிறுத்துங்க தம்பி!"ன்னு கத்தினார். நிறுத்தினேன். பிரிச்சுப் பார்த்தா, குண்டு குழலுக்கு நடுவுல மாட்டிக்கிட்டு உக்காந்திருக்கு. கூட்டுல மருந்தே இல்ல. பிரைமரோட வேகம் மட்டும் குண்டைப் பாதி வழிக்குத் தள்ளி விட்டிருக்கு. அடுத்த குண்டு அது பின்னாடி போய் மோதியிருந்தா குழல் வெடிச்சிருக்கும். இந்தப் பதிவை நான் எத்தனை விரலால தட்டியிருப்பேன்னு நீங்களே கணக்குப் போட்டுக்குங்க.

அண்ணாச்சி என் விரலைக் காப்பாத்தினார். அதுக்கு ஆயுசுக்கும் நன்றி. ஆனா அதுக்கப்புறம் ஆரம்பிச்சார் பாருங்க அர்ச்சனை. "அந்தப் பிளாஸ்டிக் டப்பாவைத் தூக்கிப் போடுங்கன்னு அன்னைக்கே சொன்னேம்லா? காசைப் பார்த்தா கையி போயிரும் தம்பி!" மைதானத்துல இருந்த மத்த நாலு பேரும் தலையாட்டினாங்க. விஷயம் வீட்டுக்குப் போய், தங்கமணியும் அதே பாட்டு.

நான் அன்னைக்கு ராத்திரியே உக்காந்து நோண்டினேன். பக் வந்தா முதல்ல லாக்கைப் பார்க்கிறதுதானே நம்ம பொழப்பு? அந்த டப்பாவுல பத்து இழுப்பு இழுத்து ஒண்ணொண்ணா எடை போட்டேன். எல்லாம் 0.1 கிரெயின் வித்தியாசத்துக்குள்ள. அந்த ஐம்பதுல மிச்சமிருந்த 31 தோட்டாவையும் பிரிச்சேன். முப்பதுல மருந்து சரியா இருந்துச்சு. ஒண்ணு சுத்தமா காலி. மருந்து குறைவா இருந்தா டப்பாவைச் சந்தேகப்படலாம். ரெண்டு கூட்டுல ஒரு துகள்கூட இல்லைன்னா கைப்பிடியை இழுக்கவே இல்லைன்னு அர்த்தம். அப்பதான் ஞாபகம் வந்துச்சு. அன்னைக்கு வரிசைக் கடைசியில ரெண்டு கூடு பாக்கி இருக்கும்போது மேனேஜர் போன். பேசிட்டு வந்து அடுத்த வரிசையில ஆரம்பிச்சிருக்கேன். வழக்கமா கடைசியில டார்ச் அடிச்சு ஐம்பது கூட்டுக்குள்ளயும் எட்டிப் பார்ப்பேன். அன்னைக்கு நேரமாச்சுன்னு பார்க்கல.

ஆக, தப்பு செஞ்சது டப்பா இல்ல, நான். ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்ன கதையா, நான் செஞ்ச தப்புக்கு ஐம்பது டாலர் சாமானைத் திட்டுறாங்க. இதைத்தான் என்னால ஏத்துக்க முடியல. இது டப்பாவுக்கு நான் வாங்குற வக்காலத்து மட்டும் இல்லீங்க. 'விலை ஜாஸ்தின்னா பத்திரம்'ங்கிற நம்பிக்கை ஆளைக் கொல்லும்னு சொல்றேன்.

அண்ணாச்சியோட மின்சார மெஷினையே எடுத்துக்குங்க. அது ஒவ்வொரு தடவையும் எடை போட்டு ஒரு சின்னத் தட்டுல கொட்டும். அருமை. ஆனா தட்டை எடுத்துக் கூட்டுல ஊத்துறது யாரு? அண்ணாச்சியோட கை. அதே கூட்டுல ரெண்டு தடவை ஊத்தினா மெஷின் 'ஐயோ'ன்னு கத்துமா? ஒரு கூட்டைத் தாண்டிப் போனா தோளைத் தட்டுமா? .38 ஸ்பெஷல் 1898 வாக்குல கரிமருந்து காலத்துல வந்த கூடு, உள்ளுக்குள்ள ஏகப்பட்ட இடம். இன்னைக்கு வேகமா எரியற புகையில்லா மருந்து கொஞ்சூண்டு போட்டாலே போதும். அதனால ரெட்டை மருந்து விழுந்தாலும் வழியாது, வெளியிலிருந்து தெரியவும் தெரியாது. காலிக் கூட்டை விட இது பயங்கரம். இதைப் பிடிக்கிறது அஞ்சு டாலர் டார்ச்தான், ஐநூறு டாலர் மெஷின் இல்ல.

அப்ப மலிவு டப்பாவுல குறையே இல்லையான்னு கேப்பீங்க. இருக்கு. மறைக்கல.

நம்ம வீட்டுப் படியை நினைச்சுக்குங்க. ஒரு படி அவலும் ஒரு படி ரவையும் ஒரே எடையா? மெஷர் அளக்குறது கொள்ளளவை, எடையை இல்ல. மருந்துலயும் அவல் மாதிரி தட்டையானது, கேழ்வரகு மாதிரி உருண்டையானது, ஒடிச்ச சேமியா மாதிரி நீளமானதுன்னு மூணு ஜாதி உண்டு. உருண்டை தண்ணி மாதிரி ஓடும், அளவு பிசகாது. ஆனா ரொம்பப் பொடியா இருந்தா பிளாஸ்டிக் உருளை இடுக்குல கசியும், சிக்கும். சேமியா ஜாதி குழி ஓரத்துல மாட்டி நறுக்குனு வெட்டுப்படும், என் டப்பாவுல 0.3 கிரெயின் வரை ஆடும். ரைஃபிள்ல நாற்பது கிரெயின் போடுற இடத்துல 0.3-ங்கிறது ஒரு சதவீதம்கூட இல்ல. கைத்துப்பாக்கியில மூணரை போடுற இடத்துல அது எட்டு சதவீதத்துக்கும் மேல. அதனால டப்பாவுக்கு ஏத்த மருந்தைப் பாருங்க. முடிஞ்சா கூட்டை நல்லா நிரப்புற, ரெட்டையா விழுந்தா வழிஞ்சு காட்டிக் கொடுக்குற மருந்தா பார்த்து எடுங்க.

ஒரு பவுண்டுக்கு 7000 கிரெயின். நம்ம பழைய தோலா 180 கிரெயின். தட்டான் தராசுல போட்ட ஒரு குண்டுமணி ஏறக்குறைய ரெண்டு கிரெயின். அதுல இருபதுல ஒரு பங்கு விஷயத்துக்குத்தான் நாம மல்லுக்கட்டுறோம்! அதனால மெஷர்ல மிச்சம் பிடிச்ச காசைத் தராசுல போடுங்க. நல்ல தராசு, சரிபார்க்க எடைக்கற்கள், ரெண்டு மேனுவல். மேனுவல் சொல்ற ஆரம்ப அளவுல இருந்துதான் ஏறணும், உச்ச அளவுல தொடங்கக் கூடாது. மலிவான மின்னணுத் தராசு குளிர்லயும் ஃபேன் காத்துலயும் நகரும், அதனால சூடாக விட்டு, அப்பப்ப எடைக்கல் வச்சுப் பாருங்க.

டப்பாவை மேஜையில திருகாணி போட்டு முடுக்குங்க. ஆடுற மேஜையில படியைக் குலுக்கி அளந்த மாதிரி மருந்து கெட்டிப்படும். முதல் பத்து இழுப்பைத் திரும்ப டப்பாவுலயே கொட்டுங்க. அப்புறம் பத்து இழுப்பைச் சேர்த்து எடை போட்டுப் பத்தால வகுங்க, தனித்தனியாவும் ரெண்டு மூணு பாருங்க. கைப்பிடியை ஒரே வேகத்துல இழுங்க. டப்பா பாதிக்குக் கீழ இறங்காம பார்த்துக்குங்க. மேஜை மேல ஒரே ஒரு மருந்து டின்தான் இருக்கணும். வேலை முடிஞ்சதும் மிச்சத்தை அதே டின்ல கொட்டிடுங்க. ராத்திரி டப்பாவுலயே விட்டா பிளாஸ்டிக்கும் கெடும், காலையில 'இது எந்த மருந்து?'ன்னு முழிக்கவும் வேண்டி வரும். கரிமருந்தை மட்டும் இந்தப் பிளாஸ்டிக் பக்கமே கொண்டு போகாதீங்க. அது பொறிக்கே காத்துக்கிட்டிருக்கிற சாமான், அதுக்குன்னே செஞ்ச மெஷர் தனியா இருக்கு.

மாசம் ஆயிரக்கணக்குல நிரப்புறவங்க இரும்பு மெஷர் வாங்குங்க, பேரன் காலம் வரை உழைக்கும். அது உழைப்புக்குக் கொடுக்குற விலை. பத்திரத்துக்குக் கொடுக்குற விலைன்னு மட்டும் நினைச்சுடாதீங்க. விஸ்கான்சின்ல ரிச்சர்ட் லீ 1958-ல வீட்டுப் பட்டறையில ஆரம்பிச்ச கம்பெனி இன்னைக்கும் மருந்து மொள்ளுற பிளாஸ்டிக் கரண்டி விக்குது. தலைதட்டி அளந்து, தராசுல சரிபார்த்து அதுலயே ஒழுங்கா நிரப்புறவங்க இருக்காங்க.

நான் இப்ப என்ன மாத்தினேன்னு கேட்டா, டப்பாவை மாத்தல. கராஜுக்குள்ள போன் வராது. பாதியில எழுந்தா அந்த வரிசை முழுக்கக் கொட்டிட்டு மறுபடி முதல்ல இருந்து. டார்ச் அடிச்சுப் பார்க்காம ஒரு கூட்டு மேலயும் குண்டு ஏறாது. செலவு சைபர்.

அந்த மாட்டின குண்டை அண்ணாச்சிதான் பித்தளைக் கம்பியால தட்டி எடுத்துக் கொடுத்தார். அது இப்ப என் மேஜை மேல, டப்பாவுக்குப் பக்கத்துல இருக்கு. டப்பாவைப் பார்த்துப் பயப்பட இல்ல, என்னைப் பார்த்து நானே பயப்பட.

டிஸ்கி 1: அமெரிக்காவுல விசாவுல இருக்குற மக்கள் இதைப் படிச்சுட்டுக் கடைக்கு ஓடாதீங்க. வேட்டை லைசென்ஸ் மாதிரி சில விதிவிலக்கு தவிர நீங்க துப்பாக்கியோ தோட்டாவோ வச்சிருக்கக் கூடாது. தனி மருந்தும் பிரைமரும்கூட அந்தச் சட்டத்துல தோட்டாதான். எனக்குத் தங்கமணி புண்ணியத்துல கிரீன் கார்டு :)

டிஸ்கி 2: ஊர்ல இருக்குறவங்களுக்கு, 1959 ஆயுதச் சட்டம் இருக்கு. லைசென்ஸ் இல்லாம இந்த விளையாட்டு வேண்டாம்.

டிஸ்கி 3: அண்ணாச்சி, நீங்க இதைப் படிப்பீங்கன்னு தெரியும். திட்டுங்க, வாங்கிக்கிறேன். ஆனா உங்க மெஷின் பக்கத்துல ஒரு டார்ச் வாங்கி வைங்க.